புகை மேலே போகும், கேஸ் கீழே இறங்கும்: நம் வீட்டு அடுப்பின் கதை

 

போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு புண்ணியார்ச்சனைக்குப் போயிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இன்று அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். வீட்டை நன்றாகக் கட்டியிருக்கிறான். பால் காய்ச்சி முடித்ததும் சமையலறையைக் காட்டினான். மேடைக்குக் கீழே முழுவதும் பலகை அடித்துக் கதவு போட்டு, சிலிண்டரை உள்ளே வைத்து மூடியிருந்தார்கள். காற்று போக ஒரு ஓட்டைகூட இல்லை.

"அடியில காத்துப் போக வழி விடலையே கண்ணு?" என்று கேட்டேன்.

"மேல சிம்னி வெச்சிருக்குதுங்க டீச்சர். எதுனாலும் அது இழுத்துக்கும்" என்று சிரித்தான்.

விசேஷ வீட்டில் பாடம் நடத்தக் கூடாது என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. நம் ஊரில் மூன்று தலைமுறையாக அடுப்பு மாறி வந்த கதை முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அந்தக் கதையை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பி தங்கைகளிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது.

அம்மாயி வீட்டு அடுப்பு

என் அம்மாயி இருந்தது காட்டுக்குள் ஒரு சாளையில். பனையோலைக் கூரை, மண் சுவர், மூலையில் ஒரு கொடி அடுப்பு. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மலை ஓரத்தை விட்டால் காட்டு விறகு குறைவு. காட்டில் விளைந்ததில் மிஞ்சியதுதான் அடுப்புக்கு வரும்: பருத்திமார், துவரைமார், கடலைப்பொட்டு, தென்னை மட்டை, வேலிமுள், மாட்டுச் சாண வறட்டி. இவை சடசடவென்று எரியும், பொறி பறக்கும். மேலே காய்ந்த ஓலைக் கூரை. ஒரு நிமிடம் கவனம் தப்பினால் வீடே போய்விடும்.

ஆனாலும் அம்மாயி எழுபது வயது வரை அந்த அடுப்பில்தான் சமைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நெருப்பைப் பற்றி மட்டும் ஒரு பாடப்புத்தகம் அளவுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகாமல் அடுப்பின் முன் உட்கார மாட்டார். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் வெளி அடுப்பு மூட்டவே மாட்டார். விறகை நீளமாக வெளியே நீட்டி வைக்க விடமாட்டார். பக்கத்தில் எப்போதும் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். இரவில் கங்கை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இதெல்லாம் அவருக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது. அடுப்பும் அறிவும் சேர்ந்தே அவர் கைக்கு வந்தன.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கூரை எரிந்த சாளைகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எரியாத வீட்டிலும் புகை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்த்தார். அதுவரை காற்று மாசு என்றால் ஆலைப் புகையும் வண்டிப் புகையும்தான் என்று நினைத்த உலகம், அதன் பிறகே சமையலறைப் பக்கம் திரும்பியது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே விறகு அடுப்பை விட்டு வந்தது நல்லதுதான். நாம் எப்படி விட்டு வந்தோம் என்பதுதான் என் கேள்வி.

மண்ணெண்ணெய் வந்தது

1980களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது நாங்கள் மூன்று பெண்கள் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ரேஷன் மண்ணெண்ணெய், ஒரு பம்பு ஸ்டவ். சுவீடன் நாட்டில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் உருவாக்கிய 'பிரைமஸ்' வகை அடுப்பு அது. பம்பு அடித்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும், எண்ணெய் மேலே போய் ஆவியாகி நீல நிறத்தில் எரியும். புகை இல்லை, கரி இல்லை. எங்களுக்கு அது அதிசயம்.

அங்கேதான் அம்மாயியின் பாடம் முதல்முறையாகத் தவறிப் போனது. விறகு அடுப்பில் தீ மங்கினால் இன்னொரு குச்சியைத் தள்ளுவோம். அதே பழக்கத்தில், சூடாக இருக்கும் ஸ்டவ்வின் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். பின் குத்தாமல் அடைப்போடு பம்பு அடித்துக்கொண்டே போனால் அழுத்தம் ஏறும். எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் சொல்லித் தர யாரும் இல்லை. கடைக்காரர் ஸ்டவ்வை விற்றார், நாங்கள் வாங்கினோம். அவ்வளவுதான்.

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி வராத வாரமே அந்தக் காலப் பத்திரிகைகளில் இல்லை. அவற்றில் எத்தனை உண்மையில் ஸ்டவ் வெடித்தவை, எத்தனை வரதட்சணைக் கொடுமையை மறைக்கச் சொன்ன சொல் என்பது அந்தந்த வீட்டுச் சுவர்களுக்கே தெரியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498ஏ பிரிவும், 1986இல் 304பி பிரிவும் சேர்க்கப்பட்டதற்குப் பின்னால் அந்தப் பெண்களின் சாவு இருக்கிறது. அடுப்பு விபத்து என்று யாராவது சொன்னால் அது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். அந்தச் செய்திகள் எனக்குக் கற்றுத் தந்தது அது.

பள்ளிக்கூடத்து அடுப்பு

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு பெரிய அடுப்பு வந்தது. பிள்ளைகள் பசியில்லாமல் படித்தார்கள். அதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் பல இடங்களில் அந்த விறகு அடுப்பு கீற்றுக் கொட்டகைக்குள் எரிந்தது. பக்கத்துக் கொட்டகையில் வகுப்பு நடந்தது.

2004 ஜூலை 16. கும்பகோணம். சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்று மாலை என் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். கீற்று தீப்பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாதா? அம்மாயிக்கே தெரியும். தெரிந்த ஒன்றைச் செய்வதற்கு 94 உயிர் தேவைப்பட்டது.

கேஸ் வந்தது

வீட்டு உபயோகத்துக்கான சிலிண்டர் கேஸை 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் கொண்டுவந்தது. 1965இல் இந்தியன் ஆயில் கல்கத்தாவில் 'இண்டேன்' தொடங்கியது. நம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். எம்.பி.யிடம் கூப்பன் வாங்கி இணைப்புப் பெற்றவர்களை ஊரே அதிசயமாகப் பார்த்தது. 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அம்மாயி போன்றவர்களின் பேத்திகள் புகையில்லாமல் சமைக்கிறார்கள் என்றால் இவையெல்லாம்தான் காரணம்.

எங்கள் வீட்டுக்கு 1990 வாக்கில் இணைப்பு வந்தது. அப்போது என் மகனுக்கு ஒரு வயது. நான் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து எங்களோடு இருந்தார்.

ஒரு நாள் இரவு குழந்தைக்குப் பால் சுட வைத்தேன். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. குழந்தை அழுகிறானே என்ற அவசரத்தில் திருகைத் திருப்பிவிட்டு வந்துவிட்டேன். முழுதாகத் திருப்பவில்லை, அது பாதியிலேயே நின்றிருக்கிறது. ரெகுலேட்டரையும் அணைக்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடியற்காலை நாலரை மணி. கரண்ட் இல்லை. அம்மா எழுந்து சமையலறைக் கதவைத் திறந்திருக்கிறார். ஏதோ நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, சிமினி விளக்கைப் பற்றவைத்து மேடைக்கு அடியில் பார்க்கத் தீப்பெட்டியை எடுத்திருக்கிறார். தீப்பெட்டி குலுங்கும் சத்தமும் அந்த நாற்றமும் ஒன்றாக என்னை எழுப்பின. "அம்மா, கிழிக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமே எழுந்துவிட்டது. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, ரெகுலேட்டரை அணைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம்.

அம்மாவுக்குக் கை நடுங்கியது. "நான்தான் கண்ணு ராத்திரி காப்பி போட்டுட்டுச் சரியா மூடாம வந்துட்டேன்" என்றார். அவர் காப்பி போட்டது மாலை ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு இரவு பால் சுட வைத்தது நான். எனக்கு அது தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் வேலை பார்க்கிறவள், நாலு பேருக்குச் சொல்லித் தருகிறவள், அம்மாவிடம் 'தப்பு என்னுடையது' என்று சொல்லக் கூச்சப்பட்டேன்.

அதன் பிறகு அம்மா கேஸ் அடுப்பைத் தொடவே இல்லை. "இது என் கைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பின்வாசலில் விறகு அடுப்பு போட்டுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் கடைசி வரை விறகுதான். கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த இருமல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தம்பி, நீ இணைப்பு வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் அம்மா ஏன் வேண்டாம் என்றார் என்பதற்கு இதுதான் காரணம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறியிருக்கும்.

அம்மா செய்ததில் தவறே இல்லை. விறகு அடுப்புக் காலத்தில் இருட்டில் நாற்றம் வந்தால் விளக்கை ஏற்றித்தான் தேட வேண்டும். அது சரியான அறிவு. கேஸ் அடுப்பில் அதே அறிவு ஆளைக் கொன்றுவிடும். அடுப்பு மாறியபோது பழைய பாடத்தில் எது இனி செல்லாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

கேஸ் எங்கே போகிறது?

இப்போது அந்த மாணவனின் சிம்னிக்கு வருகிறேன். புகை சூடானது, அதனால் மேலே போகும். ஆகவே நம் முன்னோர் கூரையில் புகைபோக்கி வைத்தார்கள். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இவை காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு படர்ந்து, மூலையிலும் பலகைக்குள்ளும் தேங்கும். மேலே இருக்கும் சிம்னிக்கு அது எட்டாது. எட்டினாலும், கசிவு நேரத்தில் சிம்னியின் சுவிட்சைப் போடுவதே ஆபத்து. சுவிட்சுக்குள் பறக்கும் சின்னப் பொறி போதும்.

ஒரு கணக்குப் போடலாம். காற்றில் 100இல் 2 பங்கு கேஸ் கலந்தாலே தீப்பற்றும். 8க்கு 10 அடி அளவும் 10 அடி உயரமும் உள்ள சமையலறைக்கு அந்த 2 பங்கு என்பது சுமார் 1 கிலோ கேஸ். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதுவும் கேஸ் கீழேயே தேங்குவதால், 1 கிலோகூட வேண்டியதில்லை.

2021 நவம்பர் 23 காலை நம் சேலம் கருங்கல்பட்டியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் கசிந்து தேங்கிய கேஸ் வெடித்து அக்கம்பக்கத்து வீடுகளும் இடிந்து விழுந்தன. 5 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தில் குடியிருந்த தீயணைப்புத் துறை அலுவலர். ஊர்த் தீயை அணைக்கப் போகிறவரின் உயிர், இன்னொரு வீட்டுக் கசிவில் போனது.

அந்த நாற்றம் எப்படி வந்தது?

கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கொஞ்சம் கலந்துதான் அந்த நாற்றத்தைக் கொண்டுவருகிறார்கள். அப்படி மணம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், மணமில்லாத இயற்கை எரிவாயு தரைக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின்கருவியை இயக்கியதும் வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகக் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகே கேஸில் மணம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். பிறகு உலகெங்கும் அது வழக்கமானது.

அன்று விடியற்காலையில் என்னை எழுப்பியது அந்த நாற்றம்தான். என் அம்மாவும் மகனும் நானும் பிழைத்ததற்கு, முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நாற்றமே வராத ஆபத்தும் ஒன்று உண்டு. ஏற்காட்டில் காபித் தோட்டக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். சுவரோடு புகைபோக்கி வைத்துக் கட்டியிருப்பார்கள். நம் சமவெளிக்காரர்கள் மார்கழியில் மலைக்குப் போய், குளிருக்குக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுக் கரித் தட்டை அறைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத விஷம், தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. கீசரை வெளிச்சுவரில் மாட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வீட்டுப்பாடம்

தென்னிந்தியா முழுவதும் கேஸ் ஏற்றிப் போகும் டேங்கர் லாரிகளுக்கு நம் நாமக்கல்தான் தலைமையிடம். என் மாணவர் ஒருவர் அந்த லாரி ஓட்டுகிறார். "வண்டிப் பக்கத்துல ஒருத்தனையும் பீடி பத்தவெக்க விடமாட்டனுங்க டீச்சர். ஆனா எங்கூட்டு அடுப்பு டியூப் எப்ப மாத்துனதுன்னு கேட்டீங்கன்னா தெரியாதுங்க" என்றார். நம் எல்லோருடைய நிலையும் அதுதான். ஆகவே இன்றைக்கே செய்யச் சில வேலைகள் தருகிறேன்.

ஒன்று, சிலிண்டர் நின்ற நிலையில், அடுப்பைவிடத் தாழ்வாக, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். பலகைக்குள் வைத்தால் அடியிலும் மேலேயும் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும்.

இரண்டு, கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப்பைப் பயன்படுத்துங்கள். அதில் அச்சிட்ட தேதியைப் பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மூன்று, சிலிண்டர் வந்ததும் அதன் கைப்பிடி வளையத்தின் உட்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'பி-28' என்றால் 2028 ஜூன் வரை. ஏ என்றால் மார்ச், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். காலம் கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம்.

நான்கு, இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை அணையுங்கள். அம்மாயி கங்கின் மேல் தண்ணீர் தெளித்ததற்கு இன்றைய பெயர் இதுதான்.

ஐந்து, நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீ மூட்டக் கூடாது. ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று, அங்கிருந்து 1906க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

ஆறு, இதுதான் முக்கியம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லாதீர்கள். நெருப்பைப் பற்றி அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரியும். இந்தப் புது அடுப்பில் எது மட்டும் வேறு என்று பக்கத்தில் நின்று காட்டுங்கள். நீங்கள் தவறு செய்தால் அதையும் அவர்களிடம் ஒத்துக்கொள்ளுங்கள்.

புண்ணியார்ச்சனை வீட்டு மாணவனுக்கு நேற்று போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நாளைக்கே ஆசாரியை வரச் சொல்லி ஓட்டை போடச் சொல்றனுங்க டீச்சர்" என்றான். போட்டதும் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் சிலிண்டரில் என்ன எழுத்து, டியூப்பில் என்ன தேதி என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.